காலியாக விட்ட முதல் பக்கம்

மார்ச் 3, செவ்வாய்
காலையில் பனி. நூறு நாள் வேலையில் இன்று ஓடையோரம் கல் அடுக்குதல். இருபத்தாறு பேர். மேற்பார்வை வழக்கம்போல நான். சோப்பு வாங்க மறந்தாச்சு.

மத்தியானம் பஞ்சாயத்து கிளார்க் நோட்டீஸ் ஒட்டினார். மூடிக் கிடக்கும் பாக்சைட் குழியில் ஆஸ்பத்திரிகளின் கதிரியக்கக் கழிவைப் புதைக்கப் போகிறார்களாம். கையுறை, ஊசி, பாட்டில். 'குறைந்த அளவு' என்று இரண்டு இடத்தில் போட்டிருக்கிறது. கூடவே கிராம சபை ஒப்புதல், கையெழுத்து நகல். முதல் பெயர் என்னுடையது.

மார்ச் 4
ஜனவரியில் கிராம சபைக்கு ஆள் சேரவில்லை. கிளார்க் சொன்னார் என்று வேலை நடக்கும் இடத்திலேயே எல்லோரிடமும் நோட்டில் கையெழுத்து வாங்கினேன். எப்போதும் அப்படித்தான். முதல் பக்கத்தைக் காலியாக விடுவேன், தீர்மானத்தை அவர் பிறகு எழுதிக்கொள்வார். ஆறு வருஷமாக ஒருதரம்கூட வாங்கிப் படித்ததில்லை. மடச்சி.

எங்களோடு வேலை செய்யும் பாவாயி அக்கா வீடு குழிக்கு நேர் கீழே. குடிக்க ஊற்றுத் தண்ணீர்தான். "ஏன் கண்ணு, கூலிக்குன்னுதான கைநாட்டு வாங்குனே?"

மார்ச் 6
கிளார்க்கிடம் கேட்டேன். "ஏனுங்க, எங்க ஊர்தான் கெடைச்சுதுங்களா?"
"மலைக்குக் கீழ எந்த ஊரும் ஒத்துக்கலைங்க. அங்க ஓட்டு நொம்ப. இங்க குழி சும்மா கெடக்குது. பதிலுக்குத் தார் ரோடு வருதுங்க." பிறகு மெதுவாக, "மாத்திச் சொன்னீங்கன்னா மொதல்ல மாட்டறது நீங்கதானுங்க. வேலையும் போயிரும்."

போன மழையில் பிரசவத்துக்குப் பெண்டாட்டியைத் தூளி கட்டித் தூக்கிப்போன முருகேசன், "எதையோ பொதைக்கட்டும், ரோடு வரட்டுங்க" என்கிறான். அவன்மேல் கோபப்பட முடியவில்லை.

மார்ச் 10
அந்தக் கையெழுத்துகள் பற்றி ஏற்காட்டில் அதிகாரியின் விசாரணை. பாவாயி அக்காவும் வந்திருந்தாள். சொல்ல வேண்டியதை எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன்.
"கையெழுத்து வாங்குனது நீங்கதானா?"
"ஆமாங்க."
"அவங்கவங்களே போட்டதுதானே?"
"ஆமாங்க, ஆனா..."
"சரி, போலாம்."
வந்துவிட்டேன். மீதியைச் சொல்லியிருக்கலாம். வேலை போய்விடும் என்ற பயம், வேறொன்றும் இல்லை. திரும்பும் பஸ்ஸில் என் பக்கத்தில் இடம் இருந்தது. அக்கா நின்றுகொண்டே வந்தாள்.

மார்ச் 16
தூறல். காப்பி பூத்திருக்கிறது. புது நோட்டு. முதல் பக்கத்தில் இன்றைய வேலையை நானே எழுதிவிட்டுத்தான் கையெழுத்துக்கு நீட்டினேன்.
"என்ன எழுதியிருக்குது? படி," என்றாள் பாவாயி அக்கா.
"பாக்சைட் குழிக்குப் போற வழியில பொதர் வெட்டறதுங்கக்கா."
அக்கா கட்டைவிரலை மையில் அழுத்தினாள்.