பதில் வரி

என் அன்புள்ள பாட்டுக்காரிக்கு,

இங்கு நான் நலம். நீ நலமா, உன் தொண்டை நலமா என்று இரண்டையும் தனித்தனியாகக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். போன கடிதத்தில் இருமலைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு நழுவிவிட்டாய். புகை மண்டிய கிளப்புகளில் பாடாதே என்றால் கேட்கவா போகிறாய்? பாட்டுக்கு நடுவில் ஐஸ் தண்ணீராவது குடிக்காமல் இரு.

வீடு இருந்தபடியே இருக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாடி வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பாட்டம்மா எப்ப வர்றாங்க?" என்கிறார். "வந்துடுவா" என்கிறேன். நம்பியதுபோல் அவரும் தலையாட்டுகிறார். நம் சிட்டுவின் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். மூடினால் உள்ளே யாரோ இருப்பதுபோல் இருக்கிறது. திறந்தால் யாரும் இல்லை என்பது தெரிகிறது. இரண்டில் இது தேவலை.

இங்கே நம் கிளப்பில் ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் மேடையேறலாம் என்கிற வழக்கம் தொடர்கிறது. நான் எப்போதும்போல் மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைத்தபடி மிக்ஸர் முன்னால். வருகிறவர்களில் பாதிப் பேர் சுருதி சேர்த்து முடிப்பதற்குள் நேரம் முடிந்து இறங்கிவிடுகிறார்கள். பல் டாக்டர் ஒருவர், மனைவி தன்னை விட்டுப் போன சோகத்தை உருகி உருகிப் பாடினார். அந்த மனைவி முதல் வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள்.

எழுத வந்த விஷயம் வேறு. உன் மழைப்பாட்டு இங்கே ஊருக்குள் இறங்கிவிட்டது.

நீ அதை மேடையில் பாடியது ஒரே தடவை, அதுவும் பாதி. சிட்டு நம்மை விட்டுப் போன பிறகு நீ பாட வந்த முதல் நாள் அது. "மழை வந்தா வரட்டும், கதவைத் தொறந்து வையி" என்று பாடி, ப்ளூஸ் பாட்டு வழக்கப்படி அதையே இன்னொரு முறையும் பாடினாய். மூன்றாவதாகப் பதில் வரி வரவேண்டும். வீட்டில் அது எப்போதும் சிட்டுவின் வரி. நனைந்த பூனைக்கு அப்பா துண்டைக் கொடு என்று ஒரு நாள், மழைக்கும் நாளைக்கு லீவு விடு என்று இன்னொரு நாள். நீ வாயைத் திறந்தபடி நின்றாய். பிறகு கிட்டாரைத் தரையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாய். கொஞ்ச நாளில் ஊரைவிட்டே போனாய்.

அன்றைய கூட்டத்தில் பஸ் ஓட்டுகிற பெண் ஒருத்தி இருந்திருக்கிறாள். வண்டி ஓட்டும்போதெல்லாம் அதையே முணுமுணுப்பாளாம். அவள் பஸ்ஸில் ஏறி இறங்குகிறவர்களுக்கெல்லாம் பாட்டு தொற்றிக்கொண்டது. கடைவீதியில் யாரோ சீட்டியடித்தபடி எதிரே வருகிறார்கள். எல்லோரும் அந்த ஒரே இடத்தில் நிறுத்துகிறார்கள்.

போன ஞாயிறு அந்த பஸ் ஓட்டுகிற பெண் அதை மேடையில் பாடினாள். பதில் வரியில் வாயை மூடிக்கொண்டு கிட்டாரை மட்டும் வாசித்தாள். கிளாஸ் கழுவுகிறவர்கூடக் குழாயை அடைத்துவிட்டு நின்றார். அந்த நேரம் மிக்ஸரில், சிட்டுவுக்காக நாம் குட்டையாக நிறுத்தியிருந்த மைக்குக்கு உரிய விளக்கு பச்சையாக எழுந்து அடங்கியது. ஒவ்வொரு சுற்றிலும், அந்த இடத்தில் மட்டும். அந்த மைக்கை நான் எப்போதோ கழற்றி அலமாரியில் வைத்துவிட்டேன். மிக்ஸரின் பின்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தேன். விளக்குக்கு நேராக வயரே செருகியிருக்கவில்லை.

டிரம்ஸ்காரரிடம் சொன்னேன். "பழைய மிக்ஸர்ண்ணே, பக்கத்து லைன்லேர்ந்து சத்தம் கசியும்" என்றார். இருக்கலாம். ரிப்பேருக்குக் கொடுக்கலாமா என்று கிளப்பம்மா கேட்டபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பாடி முடித்ததும் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். "சார், அந்த எடம் காலியா இருக்கே, நானே ஒரு வரி போட்டுக்கவா?" என்றாள். "காலி இல்லம்மா, ஆள் இருக்கு!" என்று கத்திவிட்டேன். பாவம், மிரண்டுபோனாள். கிளப்பம்மாதான் அவளைத் தனியே அழைத்துப்போய் விவரம் சொன்னாள். பிறகு அந்தப் பெண்ணே திரும்பி வந்து, என்னோடு வயர்களையெல்லாம் சுருட்டி வைத்துவிட்டுப் போனாள்.

பாட்டைப் பதிவு செய்யப்போவதாக எழுதியிருக்கிறாய். சிட்டு கடைசியாகப் பாடிய பதில் எது, நினைவிருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். இருக்கிறது. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம் நீ பெட்டியும் கையுமாக நின்றாய்.

அந்தக் கடைசி நாளில் பக்கத்து ஊரில் உனக்கு மதிய நிகழ்ச்சி. காய்ச்சல் இறங்கிவிட்டது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் நீ ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பினாய். அதை நீ மறக்கக் கூடாது. நீ போனதும் மழை பிடித்துக்கொண்டது. சிட்டு என்னை மழைப்பாட்டைப் பாடச் சொன்னாள். என் குரல்தான் உனக்குத் தெரியுமே. "ஐயோ அப்பா, சுருதி!" என்று முகத்தைச் சுளித்தாள். விடாமல் இரண்டாம் முறையும் பாடினேன். கண்ணை மூடிக்கொண்டு அவள் பதில் பாடினாள்:

"அம்மா பாடி முடிச்சு வரட்டும், நான் முழிச்சிருக்கேன்."

அவ்வளவுதான். குரலில் கோபமில்லை. சுருதி சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகு அவள் எதுவும் பேசவில்லை.

அந்த வரியைச் சேர்ப்பதும் விடுவதும் உன் விருப்பம். ஒன்று மட்டும் கேட்கிறேன். அதை முதன்முதலாகப் பதிவுக் கூடத்தில் வைத்துப் பாடாதே. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முன்பின் தெரியாத ஒருவன் "இன்னொரு தடவை பாடுங்க" என்று சொல்வதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இங்கே நம் மேடை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளுக்குப் பஞ்சமில்லை.

போகிற ஊரிலெல்லாம் உனக்குச் சூடான சாப்பாடும் காது கொடுத்துக் கேட்கும் கூட்டமும் அமையட்டும். இருமலைக் கவனி. எனக்காக வா என்று நான் கூப்பிடவில்லை. நான் சாப்பிட்டுப் படுத்தால் தூங்கிவிடுகிறேன்; முழித்திருப்பது நான் இல்லை.

என்றும் உன்,
வீட்டுக்காரன்