கத்தாமல் எழுதியது

இது யாருக்கும் எழுதிய சீட்டு இல்லை. பிரிட்ஜ் கதவில் சும்மா ஒட்டியிருக்கிறது. வேண்டுமென்றால் இந்த வீட்டு மைக்செட்காரர் படித்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரு மனைவி உண்டு. நேற்று அவர் கூடத்தில் மைக்கைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற அவள் கால்மேல் கரப்பான் ஏறியது. கத்தினாள். அது மைக்கில் ஏறி, புது ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. உடனே நம் மைக்செட் துரை, கொழுந்தனையும் வைத்துக்கொண்டு, “முதல்ல உனக்கு ஒரு லிமிட்டர் மாட்டணும்டி” என்றார்.

லிமிட்டர் என்பது திடீரென்று எகிறும் சத்தத்தை அமுக்கி, ஸ்பீக்கரையும் காதையும் காப்பாற்றும் பெட்டியாம். அதை அலமாரியில் தூங்கவிட்டு மைக்கைத் திறந்து வைத்தது யார்? கரப்பானா?

போகட்டும். அவளுக்கு மாட்டியாகிவிட்டது. காலையிலிருந்து மூச்சு விடவில்லை. கொழுந்தன்கூட, “என்ன அண்ணி, வீடு கரண்ட் போன மாதிரி இருக்கு” என்றான்.

சாப்பாடு மேசைமேல் மூடியிருக்கிறது. சாவி ஆணியில். ஸ்பீக்கர் ரிப்பேர்க்காரர் மத்தியானம் வருவார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் காலிங்பெல் கேட்காது.

பி.கு.: மாடித் தொட்டி நிரம்பி வழிகிறது. மற்ற நாளென்றால் தெருவுக்கே கேட்கும்படி கத்தியிருப்பாள். மோட்டாரை அணைக்கவும்.

இன்னொன்று, இடமில்லாததால் ஓரத்தில்: இன்றைய கச்சேரிக்குக் காதடைப்பான் நீலச் சட்டைப் பையில் இருக்கிறது. மறக்காமல் மாட்டிக்கொள்ளட்டும். அந்தக் காது அவளுக்கு வேண்டும். நேற்றைய சண்டையே இன்னும் பாதிதான் முடிந்திருக்கிறது.