அரிசிப் பையோடு ஒரு கூப்பன்

18 மார்ச், செவ்வாய்
மிச்சம் என்ற இந்த ஊரில் எங்கள் கடைக்கு எதிரே தவநாயகி அக்கா பெரிய கடை திறந்ததிலிருந்து நாங்கள் ஈ ஓட்டுகிறோம். இன்று ஜெஸ்ரினுக்கு ஞானம் பிறந்தது. அரிசிப் பை வாங்கினால் ஒரு கூப்பன், வருடப்பிறப்பன்று குலுக்கல், பரிசு தங்கச் சங்கிலி. என் புருஷன் வாயிலிருந்து நல்ல யோசனை வந்து கனகாலம்.

25 மார்ச்
பையின் விலை இரண்டு பவுண்ஸ் ஏறியிருக்கிறது! இன்றுதான் கவனித்தேன். "சங்கிலிக் காசை எங்கையாவது எடுக்கத்தானே வேணும்" என்கிறார் ஜெஸ்ரின்.

26 மார்ச்
இது சட்டப்படி சரியா என்று கேட்க நகரக் கவுன்சிலுக்குப் போன் போட்டேன். பயந்தது சரி. கூப்பனுக்காக விலையை ஏற்றினால் அந்த இரண்டு பவுண்ஸ் டிக்கெட் காசு. அப்போது இது லொத்தர், லாட்டரிச் சீட்டு மாதிரி. கடைக்காரர் தன் லாபத்துக்கு லொத்தர் நடத்தக் கூடாது. வழமையான விலைக்கு விற்றுக் கூப்பனை இனாமாகக் கொடுத்தால் வெறும் பரிசுக் குலுக்கல், பிரச்சினை இல்லை.

"ரெண்டு பவுண்ஸுக்கு ஆர் வந்து பிடிக்கப் போறாங்கள்?" என்றார் ஜெஸ்ரின்.

"பிடிப்பாங்கள் எண்டதுக்காகவா? சனம் எங்களை நம்பித்தானே பை தூக்குது. விடமாட்டன்" என்றேன்.

27 மார்ச்
பழைய விலை. முன்பு வாங்கியவர்களுக்குக் கூடுதல் காசைத் திருப்பிக் கொடுக்கிறேன். எதுவும் வாங்காதவர்களும் பெயர் எழுதிக் குலுக்கல் பெட்டியில் போடலாம் என்று கதவிலும் ஒட்டிவிட்டேன். செய்தால் முழுதாகச் செய்ய வேண்டும்.

2 ஏப்ரல்
ஜெஸ்ரின் என்னோடு கதைப்பதில்லை. நான் சமைக்கிற சோறு மட்டும் அவருக்கு இறங்குகிறது.

14 ஏப்ரல், திங்கள்
கடை நிறையச் சனம். ஜெஸ்ரின் பெட்டிக்குள் கை விட்டு ஒரு சீட்டுத் துண்டை எடுத்தார். முகம் கறுத்தது. என் காதுக்குள் சொன்னார்: "தவநாயகி. ஒண்டும் வாங்காமல் சும்மா எழுதிப் போட்டிருக்கிறா. வேறை ஒண்டை எடுக்கிறன்."

எனக்கும் வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை. எங்கள் வாடிக்கையாளரைப் பிடித்த அவவுக்கே எங்கள் சங்கிலியா? ஆனால் வாங்கினவருக்கும் வாங்காதவருக்கும் ஒரே பெட்டி என்று எழுதி ஒட்டியவள் நான். துண்டைப் பறித்துச் சத்தமாக வாசித்தேன்.

15 ஏப்ரல்
தவநாயகி அக்கா வந்தா. சங்கிலியைக் கழுத்தில் நானே போட்டுவிட்டேன். யாரோ படம் எடுத்தார்கள். "பகிடிக்கு எழுதிப் போட்டனான் றஜீனா. தருவியள் எண்டு நினைக்கேல்லை" என்றா. ஜெஸ்ரின் உள்ளே போய்விட்டார்.

26 ஏப்ரல்
காய்ச்சலில் நான்கைந்து நாள் வீட்டில் கிடந்துவிட்டு இன்று கடைக்குப் போனேன். கடைக் கண்ணாடியில் பெரிதாக, சங்கிலி போட்டுவிட்ட அந்தப் படம். கீழே ஜெஸ்ரினின் கோணல் எழுத்து: "எதிர்க்கடைக்காரிக்கே குடுத்தனாங்கள். நம்பி வாங்கோ."

உள்ளே வரிசை. கல்லாவில் இருந்த ஜெஸ்ரின் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பாத்துக்கொண்டு நிக்காமல் அந்தப் பையை எடுத்துக் குடும்."