இடப்பக்கத்து மைக்

12 ஜனவரி 2025, ஞாயிறு

ஸ்ரீகுமார் சென்னையிலிருந்து கூப்பிட்டான். எங்கள் 'கள்ளக்கடல்' பேண்டு தொடங்கி இருபத்தைந்து வருடம் ஆகிறதாம். எனக்கும் தெரியும், நானும் அதே வருடங்களைத்தான் கடந்து வந்தேன். பிப்ரவரி எட்டாம் தேதி நாகர்கோவிலில் கச்சேரி. மேடையிலேயே ரெக்கார்டிங், பிறகு ஆல்பம்.

"எடே தாணு, நீ இல்லாம நான் பாடுவேனா?" என்றான்.

பதினெட்டு வருடமாக நான் இல்லாமல்தான் பாடிக்கொண்டிருக்கிறான். கேட்க வாய் வரவில்லை. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். பள்ளிக்கூட லேபில் பிப்பெட் கழுவிக்கொண்டிருக்கிறவனுக்கு இப்படி ஓர் அழைப்பு. சந்தோஷமாக இருந்தது. இங்கேயாவது ஒளிக்காமல் எழுதலாம்.

14 ஜனவரி, செவ்வாய்

பொங்கலுக்குத் தன்யா வந்திருக்கிறாள். ரெக்கார்டிங் என்றதும், "அப்பா, நீங்க நெஜமாவே பேண்டுல இருந்தீங்களா? கேசட்டுல ஒங்க குரலே இல்லியே" என்றாள். மகள் கேலிக்குக் கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது.

இரண்டாயிரத்தில் கேசட் பதிவு திருவனந்தபுரத்தில். அன்றைக்கென்று பன்னிரண்டாம் வகுப்பு பிராக்டிகல். ஹெட்மாஸ்டர் லீவு தரவில்லை. நான் பாட வேண்டிய பதில் வரிகளையும் ஸ்ரீகுமாரே பாடிவிட்டான். அவனே கேட்டு அவனே பதில் சொன்னான். நூறு மேடைக்கு மேல் ஏறியிருக்கிறேன், என் குரல் எதிலும் இல்லை. ஐம்பத்து நான்கு வயதாகிறது. இதை விட்டால் எனக்கு வேறு பதிவு கிடையாது.

19 ஜனவரி, ஞாயிறு

இரணியலில் ஜிபின் வீட்டில் பயிற்சி. கல்ஃபிலிருந்து திரும்பியும் கிதாரை விடவில்லை மனுஷன். ஸ்ரீகுமார் தலைக்குச் சாயம் அடித்திருக்கிறான். மேல் ஸ்தாயிக்கு ஏறும்போது தொண்டை கரகரக்கிறது. நாங்கள் கவனிக்காத மாதிரி இருந்தோம்.

வில்லுப்பாட்டில் உட்காருவதுபோலத்தான் எங்கள் மேடையும். ஸ்ரீகுமார் நடுவில். அவனுக்கு இடப்பக்கம் நான், குடம் தட்டிக்கொண்டு. அவன் வரியை விடுவான், நான் எடுத்துப் பதில் சொல்வேன். எங்கே விடுவான், எங்கே இழுப்பான் என்று அவனுக்கே தெரியாது. அவன் வாயைப் பார்த்துத்தான் நான் பிடிப்பேன். பதினெட்டு வருடம் கழித்து இன்றும் ஒரு இடம்கூடத் தப்பவில்லை.

"ஒங்க ரெண்டு பேருக்கும் சொல்லிக்குடுக்கணுமா மக்கா" என்றான் ஜிபின்.

8 பிப்ரவரி, சனி

பாடினேன்.

9 பிப்ரவரி, ஞாயிறு

நேற்று அதற்கு மேல் எழுத வரவில்லை. ஆயிரம் பேருக்குக் குறையாது. கடைசியாக, காற்றில்லாமல் திடீரென்று கரையேறுகிற கள்ளக்கடலைப் பற்றிய எங்கள் பழைய பாட்டு. அவன், "கடலு வந்து கதவைத் தட்டுதே" என்பான். நான், "தொறக்காதே மக்கா தொறக்காதே" என்பேன். மூன்றாம் தடவை அவன் மேலே ஏறும்போது தொண்டை உடைந்தது. என்னைப் பார்த்தான். பாதி வரியிலேயே அவனுடைய வரியை நான் எடுத்துக்கொண்டேன். அவன் மூச்சு வாங்கிவிட்டுத் திரும்ப வந்து சேர்ந்துகொண்டான். கூட்டம் எழுந்து நின்றது. ஏதோ திட்டமிட்டுச் செய்தது என்று நினைத்திருப்பார்கள்.

இறங்கியதும் கட்டிப்பிடித்துக்கொண்டான். "காப்பாத்திட்டடே" என்றான்.

அழகம்மையும் கூட்டத்தில் இருந்தாள். வீட்டுக்கு வந்து, "நல்லாருந்து கேட்டியளா" என்றாள். கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவள் சொன்ன முதல் விமர்சனம்.

12 மார்ச், புதன்

பிரிஜா கூப்பிட்டாள். ஜிபினின் அக்கா மகள், சென்னையில் சவுண்ட் இன்ஜினியர். ஒலிப்பதிவு செய்தது அவள்தான். பள்ளிக்கூட வராந்தாவில் நின்று பேசினேன்.

"அங்கிள், எப்படிச் சொல்லன்னு தெரியல. ஒங்க மைக்குல குடம்தான் இருக்கு. குரலே இல்ல. நீங்க பாடும்போதெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிட்டிய. எல்லாம் ஸ்ரீகுமார் சார் மைக்குல போய் விழுந்திருக்கு."

கச்சேரிக்கு முன் படித்துப் படித்துச் சொன்னாள், மைக்கைப் பார்த்துப் பாடுங்க, தலையைத் திருப்பாதிங்க என்று. நான் தலையை ஆட்டினேன். பாட்டு தொடங்கியதும் மறந்துவிட்டது. மறந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, அவன் முகத்தைப் பார்க்காமல் பாட எனக்குத் தெரியாது.

அதனால் என்ன, அவன் மைக்கில் இருக்கிறதே என்றேன். அப்புறம்தான் மீதியைச் சொன்னாள். ஸ்ரீகுமார் தன் பாட்டு முழுவதையும் ஸ்டுடியோவில் திரும்பப் பாடிவிட்டானாம். மேடையில் பாடியதைத் தூக்கிவிடச் சொல்லியிருக்கிறான். அதோடு நானும் போகிறேன்.

13 மார்ச், வியாழன்

அவனிடமே கேட்டேன். அந்தக் கடைசிப் பாட்டு ஒன்றை மட்டும் மேடையில் பாடியபடியே விடு. ஒன்றே ஒன்று.

"எடே, எனக்க தொண்டை உடைஞ்சத ஒலகம் பூரா கேக்கணுமா? ஒனக்கு நாலு வரிதானே. சென்னைக்கு வா, அரை மணிக்கூர்ல தீத்துரலாம்."

நாலு வரி! அந்த நாலு வரிதானே அன்றைக்கு உன்னைத் தூக்கி நிறுத்தியது? அதையும் கேட்கவில்லை. "பாப்போம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். கேட்க வேண்டியதையெல்லாம் இந்த நோட்டில் கேட்டு என்ன பிரயோஜனம்?

16 மார்ச், ஞாயிறு

ஜிபின் நேரில் வந்தான். சென்னைக்குப் போய்வரலாம் என்று ஒரு மணிநேரம் மன்றாடினான். நான் சொன்னேன் — கண்ணாடி அறைக்குள்ளே சுவரைப் பார்த்துக்கொண்டு, காதில் மாட்டியதைக் கேட்டு, யாருக்குப் பதில் சொல்ல? அங்கே கேள்வி கேட்கிறவனே இல்லையே.

"லேய், அவன் அப்படித்தான். நீயும் முறுக்கினா நட்டம் யாருக்கு?"

அழகம்மையும் காப்பியை வைத்துக்கொண்டே, "போயிட்டு வந்திருங்களேன், குரலாவது வரும்லா" என்றாள். நான் அவள்மீது எரிந்து விழுந்தேன். ஸ்ரீகுமார்மீது விழ வேண்டியது. அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

போகவில்லை. திமிர் என்று சொன்னால் சொல்லட்டும்.

23 மார்ச், ஞாயிறு

பிரிஜா வாட்ஸப்பில் ஒரு ஃபைல் அனுப்பியிருக்கிறாள். 'யாருட்டயும் சொல்லாதீங்க அங்கிள்.' அன்றைக்கு ஸ்ரீகுமார் மைக்கில் விழுந்தது, கடைசிப் பாட்டு.

மொட்டை மாடியில் துணி காயப்போட்ட கொடிக்குக் கீழே நின்று கேட்டேன். அவன் குரல் காதுக்குள்ளே, என் குரல் அடுத்த வீட்டிலிருந்து வருகிற மாதிரி. ஆனாலும் தெளிவாக இருக்கிறது. அந்த இடம் வந்தது. அவன் உடைகிறான். ஒரு கண நேரம் ஒன்றுமில்லை. பிறகு நான். ஐந்து தடவை கேட்டேன். நன்றாகத்தான் பாடியிருக்கிறேன். அதுதான் வயிற்றெரிச்சல்.

1 ஜூன், ஞாயிறு

ஆல்பம் வந்துவிட்டது. தன்யா போனில் போட்டுக் காட்டினாள். என் வரிகளை யாரோ ஒரு பையன் பாடியிருக்கிறான். குறை சொல்ல முடியாது, சுருதி சுத்தம். ஸ்ரீகுமாருக்கு எங்கேயும் உடையவில்லை. உடையாத இடத்தில் கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது, எதற்கென்று தெரியாமல். அட்டையில் எனக்கு 'குடம்: தாணுமாலயன்' என்று மட்டும்.

"அப்பா, அந்த ஃபைல யூடியூப்ல போட்டுருவோம். நாறட்டும்" என்றாள் தன்யா. அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கக் கூடாது. பத்து நிமிடம் யோசித்தேன். பத்து நிமிடமும் அதைத்தான் செய்யப்போகிறேன் என்று நினைத்தேன். பிரிஜாவின் வேலை போய்விடும் என்று அவளிடம் காரணம் சொன்னேன். உண்மைதான். ஆனால் அவன் உடைகிற சத்தத்தை ஊரெல்லாம் கேட்பதை என்னால் தாங்க முடியாது. அவன்மீது இவ்வளவு கசப்பு இருந்தும் அது முடியவில்லை. எனக்கே வெட்கமாக இருக்கிறது.

2 ஜூன், திங்கள்

பிரிஜாவிடம் கேட்டுக்கொண்டு, ஸ்ரீகுமாருக்கு மட்டும் அனுப்பினேன். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பகல் இடைவேளையில் இரண்டு நீலக் கோடு விழுந்தது, பார்த்துவிட்டான்.

9 ஜூன், திங்கள்

பதில் இல்லை.

30 ஜூன், திங்கள்

இல்லை. இனி பார்க்கவும் வேண்டாம்.

2 நவம்பர், ஞாயிறு

துபாயில் 'கள்ளக்கடல்' கச்சேரி. என்னைக் கூப்பிடவில்லை. ஜிபின் போயிருக்கிறான், அவன்தான் வீடியோ அனுப்பினான். காலையில் காப்பி குடித்துக்கொண்டே பார்த்தேன்.

என் இடத்தில் ஆல்பத்தில் பாடிய அந்தப் பையன், காதில் மாட்டி வாயோரம் நீளும் மைக்கோடு. நிமிர்ந்து உட்கார்ந்து கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடுகிறான். தலை எந்தப் பக்கம் திரும்பினாலும் மைக் தப்பாது. ஸ்ரீகுமார் ஒவ்வொரு வரியை விட்டதும் இடப்பக்கம் திரும்புகிறான். அங்கே அவனுக்கு ஒரு காதும் பாதிக் கன்னமும்தான் தெரியும். மறுபடியும் திரும்புகிறான்.

மூன்றாம் தடவை, "கடலு வந்து" என்று ஏறினான். உடைந்தது. அதே இடம். இடப்பக்கம் திரும்பினான். பையன் தன் முறைக்காகக் காத்திருக்கிறான், கூட்டத்தைப் பார்த்தபடி. ஜிபின்தான் கிதாரைக் கூட்டிச் சமாளித்தான்.

என்னை அறியாமல் என் வாய் திறந்துவிட்டது. வரியின் முதல் சொல்லும் வெளியே வந்துவிட்டது.

"யாருட்ட பேசுதீய?" என்று அழகம்மை அடுக்களையிலிருந்து கேட்டாள்.

வாயை மூடிக்கொண்டேன். அவன் இன்னும் இடப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.