கிண்ணத்தில் விழுந்த நீல நூல்

இன்று காலை ஆய்வுக்கூடத்து அலமாரியைத் திறந்ததும் கஞ்சி வாசம் அடித்தது. பருத்திக் கோட்டுகளை நீ பழக்கிவிட்டபடியே இன்னமும் கஞ்சி போட்டுத்தான் மடிக்கிறோம். அந்த வாசத்தில் உன் முகமும் வந்தது, நம் துறைத் தலைவர் மேல் எனக்கிருக்கும் ஆத்திரமும் வந்தது.

ஒரத்தநாட்டுப் பக்கம் வயல்வேலை செய்த வீட்டுப் பெண் நீ. சேற்றில் முழங்கால் புதைய நின்று நாற்று நட்டவள், அதிராம்பட்டினத்துக் கரையில் அலை காலைத் தொட்டால் மட்டும் அலறுவாய். ஆனாலும் ஜெல்லி மீன் வளர்க்க வந்தாய். வலையில் விழுந்தால் சொறி என்று திட்டித் தூக்கி எறிகிற உயிருக்கு ஆராய்ச்சியா என்று மீனவர்கள் உன்னைக் கேலி செய்தார்கள். நீயும் சேர்ந்து சிரித்தாய்.

குஞ்சுகள் நொய் அரிசி அளவுதான் இருக்கும். திறந்து மூடித் துடித்துக்கொண்டே இருந்தால்தான் நீந்தவும் இரை பிடிக்கவும் முடியும். ஒரு வரிசைக் கிண்ணங்களில் சுத்தமான கடல்நீர் வைத்தாய். மறு வரிசையில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துகள்களைக் கலந்தாய். துகள் தின்ற குஞ்சுகளின் துடிப்பு மெல்ல மெல்லக் குறைந்தது. சில அடியில் போய்ப் படுத்துக்கொண்டன. "நம்ம வாய்க்கால்ல வுட்டதெல்லாம் எங்க போயி சேருதுன்னு இதுங்களப் பாத்தாத் தெரியும்க்கா" என்றாய்.

அப்போதுதான் அந்தத் துறைத் தலைவர் வந்தார். சுத்த நீர்க் கிண்ணங்களின் மேல் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார். மறுநாள் அவற்றில் ஒரு கிண்ணத்தில் பிளாஸ்டிக் நூலிழை கிடந்தது. எல்லார் முன்னிலையிலும் உன்னை நிறுத்திவைத்துச் சொன்னார்: "நடவு வயல்லேருந்து நேரா லேபுக்கு வந்தா இப்படித்தான். என்ன துணி போட்டுக்கிட்டு வர்றேன்னு பாரு."

நூல் நீலம். உன் சுடிதார் மஞ்சள். பிளாஸ்டிக் இழையில் நெய்த அவருடைய பாலியஸ்டர் சட்டை என்ன நிறம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் என் கையைப் பிடித்து அழுத்தினாய். அந்த நூலைக் கண்ணாடித் தகட்டில் எடுத்துப் பத்திரப்படுத்திவிட்டு, முதலிலிருந்து தொடங்கினாய். பருத்தி உடுத்தாத எவரும் உள்ளே வரக்கூடாது என்ற விதி அன்று நீ போட்டதுதான். மறுபடியும் அதே முடிவுதான் வந்தது. கட்டுரையை ஆய்விதழுக்கு அனுப்ப அவர் கையெழுத்துப் போடவில்லை. அந்த ஐப்பசியில் காய்ச்சல் வந்து நீ ஒரேயடியாகப் போய்விட்டாய்.

போன வாரம் வெளியூர் விருந்தினர்களை அழைத்துக்கொண்டு அவர் வந்தார், தம்முடைய ஜெல்லி மீன் ஆராய்ச்சியைக் காட்டுவதற்கு. இப்போது ஆய்வுக்கூடமும் அந்தக் கையெழுத்தும் என் பொறுப்பில். அதே நீலச் சட்டை. பாலியஸ்டர் லேசில் சாகாது, கஞ்சனும் லேசில் தூக்கிப் போடமாட்டான்.

"சார், சட்டையக் கழட்டிட்டு உள்ள வாங்க" என்றேன்.

"யாருகிட்ட பேசுறேன்னு தெரியுதாம்மா?"

"தெரியுது சார். கிண்ணத்துல நூல் வுழுந்தா வேலை கெட்டுப்போயிடும்னு நீங்கதான சொன்னீங்க."

விருந்தினர்கள் எல்லாரும் பருத்திக் கோட்டுக்கு மாறி நின்றார்கள். வேறு வழியில்லாமல் ஓட்டைப் பனியனோடு நின்று அவரும் கோட்டை மாட்டினார். வயிற்றுக்கு மேல் பொத்தான் எட்டவில்லை. பார்க்க எனக்கு இனித்தது, பொய் சொல்லமாட்டேன். இது யாருடைய வேலை என்று ஒருவர் கேட்டபோது உன் பெயரையும் உன் ஊரையும் நிறுத்திச் சொன்னேன். அவர்கள் கிண்ணங்களைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து ஓர் இழையை உருவினேன். நுண்ணோக்கியில் உன் தகட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். நிறம், பருமன், முறுக்கு எல்லாம் ஒன்று.

உன் கட்டுரையை அனுப்பப் போகிறேன் என்று கேள்விப்பட்டு நேற்று போன் செய்தார். குரலில் தேன் வழிந்தது. "பழசெல்லாம் மனசுல வச்சுக்காதம்மா. எம் பேரையும் சேத்துடு." சேர்க்கிறேன் சார் என்றேன்.

உன் பொறுமை எனக்கு வரவில்லையம்மா. நீ விழுங்கியதை நான்தான் இன்னும் மென்றுகொண்டிருக்கிறேன். கட்டுரையின் தலைப்புக்குக் கீழே உன் பெயர் மட்டும் இருக்கிறது. உள்ளே, முதல் சோதனை ஏன் கைவிடப்பட்டது என்று சொல்லும் இடத்தில், நூல் உதிர்ந்த சட்டைக்குச் சொந்தக்காரரின் முழுப் பெயரை, பட்டங்களோடு, எழுத்துப் பிழையில்லாமல் சேர்த்துவிட்டேன்.