வெள்ளைப் பூ வந்தால் காசி

விய வருஷம் (1946) ஆனி 14, வெள்ளி

இன்று செல்லியம்மன் கோயிலில் இருந்தவர்கள்: நான், என் மகன் நல்லுசாமி, மருமகள் ஜானகி, அவள் தம்பி கிருஷ்ணமூர்த்தி, பேரன் பஞ்சநாதன், பூசாரி அரியமுத்து. எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஒருத்தரும் 'நான் அங்கே இல்லை' என்று சொல்லக் கூடாது.

பஞ்சநாதன் திருச்சிக் கல்லூரியில் இண்டர்மீடியட் பாஸ் பண்ணிவிட்டான். அடுத்து மருந்து தயாரிக்கிற பட்டப் படிப்பு வேண்டுமாம். அது காசியில் இருக்கிறதாம். எங்கள் வகையறாவில் காசிக்குப் போனவர் என் மாமனார் ஒருவர்தான். சொம்பு மட்டும் திரும்பி வந்தது.

இந்த வீட்டில் நான் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் சண்டை முடியவில்லை. அதனால் அம்மனிடம் பூ கேட்டோம். வெள்ளை வந்தால் காசி, சிவப்பு வந்தால் திருச்சியிலேயே பி.ஏ. எது வந்தாலும் எதிர்த்துப் பேச மாட்டேன் என்று சூடம் அணைத்துச் சத்தியம் பண்ணினேன். பூக்காரி பாப்பாத்தியிடம் பூ வாங்கி, ஆலிலையில் இரண்டு பொட்டலமாகக் கட்டி வந்தவன் பஞ்சநாதன். அரியமுத்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை நந்தியாவட்டை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது கோயில் கிணற்றுக்குப் போயிற்று.

ஆனி 15

எல்லாம் அந்தக் கிருஷ்ணமூர்த்தி மூட்டிய நெருப்பு. முந்தாநாள் பேசியது ஒன்றும் எனக்கு மறக்கவில்லை.

நல்லுசாமி கேட்டான்: "கம்பவுண்டர் ஆவறதுக்கு எதுக்குடா காசி? அரியலூர் ஆஸ்பத்திரியில கலக்கிக் குடுக்கறவன் எந்தக் காசிக்குப் போனான்?"

"அது கலக்கறது அப்பா. இது செய்யறது."

உடனே கிருஷ்ணமூர்த்தி: "என்னைப் பாருங்க மச்சான். நானும் பி.ஏ.தான். யுத்தம் நடந்தவரைக்கும் ஆபீஸ் இருந்துச்சு. யுத்தம் நின்னுச்சு, ஆபீசையும் மூடிட்டான். இன்னிக்கு உங்க வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டறேன்."

"அதையாவது ஒழுங்காக் காட்டு" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

ஆடி 4

ஆடியில் யாராவது பயணம் புறப்படுவார்களா? கல்லூரிக்காரனுக்கு ஆடி ஏது, ஆவணி ஏது. அரியலூர் ஸ்டேஷன்வரை போனேன்.

"அப்பத்தா, கோவமா?"

"பூ சொன்னதுக்கப்புறம் எனக்கென்னடா கோவம்?"

தலையைக் குனிந்துகொண்டான். பிரிவுத் துயரம் என்று நினைத்தேன். வண்டி போன பிறகும் ஜானகி தண்டவாளத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

ஐப்பசி 10

வடக்கே வெட்டும் குத்துமாம். கிருஷ்ணமூர்த்தி பேப்பரைப் படித்துவிட்டு மடித்து ஒளிக்கிறான். ஏன் ஒளிக்கிறாய்? உன்னால் போனவன்தானே?

கார்த்திகை 22

பஞ்சநாதன் ஒரு சின்ன டப்பா அனுப்பியிருக்கிறான். அவன் கையாலேயே செய்த களிம்பு, என் முழங்காலுக்கு. சுவரில் விளக்கு வைக்கிற மாடப்பிறையில் வைத்தேன். அவன் வந்து தடவட்டும்.

தை 9

கார்டு வந்தது. காய்ச்சலாம், பயம் இல்லையாம். பயமில்லை என்று ஏன் இரண்டு தடவை எழுதினான்? எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கிறது.

தை 19

தந்தி.

தை 20

நல்லுசாமி போயிருக்கிறான். போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஜானகி சாப்பிடவில்லை. நானும்.

மாசி 6

பூக்காரி பாப்பாத்தி துக்கத்துக்கு வந்தாள். கட்டிக்கொண்டு அழுதாள்.

"என் கையால பூ வாங்கிட்டுப் போன புள்ள ஆயா. செவ்வரளியும் எடுத்துக்க தம்பின்னேன். நந்தியாவட்டையே போதும்னு சிரிச்சுச்சு."

"ஒன்னுகூடவா வாங்கல?"

"ஒன்னுகூட வாங்கல ஆயா."

இரண்டு பொட்டலத்திலும் வெள்ளை.

ஏழு மாசமாக யார் யாரை வைதேன்? கிருஷ்ணமூர்த்தி இந்த வீட்டில் தலை நிமிர்ந்து ஒரு வாய் சோறு தின்றதில்லை. அரியமுத்து தீபத்தட்டோடு வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெற்ற மகனோடு பேச்சில்லை. அம்மனைக்கூட விடவில்லையே.

வேண்டாம்டா என்று ஒரு வார்த்தை. நான் சொல்லியிருந்தால் நின்றிருப்பான். அது தெரிந்துதானே பூவைக் கட்டி என் வாயைக் கட்டினான்?

பாப்பாத்தி சொன்னதை ஜானகியிடம் சொல்ல மாட்டேன். அவளுக்கு அவன் நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும்.

முழங்கால் கடுக்கிறது. டப்பாவைத் திறக்கவில்லை. திறக்கவும் மாட்டேன்.

மற்றவர்களை எல்லாம் இன்றோடு விட்டுவிட்டேன். ஒருத்தனை மட்டும் செத்தாலும் மன்னிக்க மாட்டேன்.

பஞ்சநாதன்.