அலாரத்தின் முறை

மார்ச் 4, திங்கள்
பெருமாநல்லூர் சாயப்பட்டறையிலிருந்து தலைவலியோடு திரும்பினேன். ஒவ்வொரு சாய மிஷினிலும் அழுத்தத்தை அளக்கும் சென்சார், வயர் கிடையாது. ஒன்று சொல்வதைப் பக்கத்துச் சென்சார் வாங்கி அடுத்ததற்குத் தள்ள வேண்டும். எல்லாம் ஒரே நேரத்தில் பேசினால் எதுவுமே கேட்காது. அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முறை. அந்த முறை வைக்கும் கணக்குதான் என் வேலை. மிஷினில் அழுத்தம் ஆபத்தானால் கணக்குப்படி அலாரம் இரண்டு நொடியில் வர வேண்டும். வரவில்லையே. ஏன்?

மார்ச் 5
கண்டுபிடித்தேன்! முதலாளி மகுடேஸ்வரன் என்னைக் கேட்காமலே கரண்ட் மீட்டர், தண்ணீர் மீட்டர் எல்லாவற்றையும் அதே சென்சார் வலையில் சேர்த்திருக்கிறார். துணி வாங்கும் வெளிநாட்டு பையர் வரும்போது அந்த அளவுகளையெல்லாம் டிவியில் காட்ட வேண்டுமாம்.
"காத்துல போறதுதானுங்களே வினிதா, இன்னும் நாலு சேத்துனா என்னங்க ஆயிரும்?"
"ரேஷன் கடை வரிசையில நாலு பேரு நடுவுல புகுந்தா என்னங்க ஆகும்?"
சிரிக்கிறார். சிரிக்கிறார்!

மார்ச் 7
வழியில் செய்தி தொலைந்து, மறுபடி அனுப்ப நேர்வதையும் கணக்கில் சேர்த்தேன். சராசரி அழகாக இருக்கிறது. சராசரியை வைத்து நாக்கு வழிக்கவா? மோசமான நேரத்தில் அலாரம் அரை நிமிடம் தாமதிக்கிறது. ஒரே வழி — அலாரம் வந்தால் மற்றதெல்லாம் வாய் மூட வேண்டும். அப்போது டிவி நின்றுபோகும்.
"பையர் முன்னால மானம் போயிருமுங்க. வேண்டாம்" என்கிறார் முதலாளி.

மார்ச் 8
இன்றும் கத்தினேன். இன்றும் "பாக்கலாமுங்க."

மார்ச் 11, திங்கள்
நான் பயந்ததே நடந்துவிட்டது. சாய மாஸ்டர் ராஜவேல் அண்ணன் மிஷின் மூடியைத் திறந்திருக்கிறார். உள்ளே அழுத்தம் இறங்கவில்லை. ஆவி கையில் பீறிட்ட பிறகுதான் அலாரம் அடித்ததாம். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன், முழங்கை வரை கட்டு.
"என்ற ஊட்டுக்காரி போன் போட்டா, சுடுதண்ணி கொட்டிருச்சுன்னு சொல்லீருங்க அம்மணி. பயந்துக்குவா."
தலையாட்டிவிட்டு வந்தேன். வெளியே மகுடேஸ்வரன் நின்றிருந்தார். "அலாரத்துக்கு வழி விடலீன்னா நான் இனி வரமாட்டனுங்க" என்றேன்.
கதவு வழியாக அண்ணனின் கட்டை எட்டிப் பார்த்தார். பிறகு, "போட்டுருங்க."

மார்ச் 12
போட்டாயிற்று.

மார்ச் 15, வெள்ளி
பையர் வந்திருந்தார். டிவி முன் எல்லோரும் நிற்கும்போதே அலாரம். படம் அப்படியே உறைந்தது. போச்சு, என்னைத்தான் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். மகுடேஸ்வரன் டிவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பையரை நட்டநடுவே விட்டுவிட்டு மிஷின்கள் இருக்கும் பக்கம் ஓடினார். பின்னாலேயே நானும்.
"மிசின்கிட்ட ஆராச்சும் இருக்கறாங்களா?"
"இல்லீங்க சார், சத்தம் கேட்டதுமே தள்ளி வந்துட்டமுங்க" என்றார்கள் மிஷின் ஆட்கள்.
அங்கிருந்த ஈரச் சாயத்துணிக் குவியலின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். வெள்ளை வேட்டியில் நீலம் ஏறிக்கொண்டிருந்தது. அவர் எழுந்திருக்கவில்லை.